எரியாத வீட்டைப் பிரித்தவள்

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக மூன்று வருடம் நான் ஒரு விசித்திரமான வேலை பார்த்தேன். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் உளவியல் பிரிவில், வருகிறவர்களை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, பதிலுக்கு மதிப்பெண் போட்டு, அவர்களுடைய புத்தியும் மனநிலையும் எப்படி இருக்கின்றன என்று அறிக்கை எழுதித் தருகிற வேலை. அறுபதுகளின் நடுவில் ஒரு பெண் இந்த வேலைக்குப் போனால் ஊர் சும்மா இருக்குமா? எங்கள் வீதியில் எனக்கு 'பைத்தியம் பாக்குற பொண்ணு' என்று பெயர். எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இனி நம் படியேறுவார்கள் என்று அம்மா மூக்கைச் சிந்துவாள். எனக்கோ தலைகால் தெரியாத பெருமை. என்னிடம் ஒரு ஸ்டாப் வாட்ச் இருந்தது. சிதம்பரத்திலேயே ஸ்டாப் வாட்ச் வைத்திருக்கும் ஒரே பெண் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் படிப்பு ஏறாத பள்ளிப் பிள்ளைகள். எப்போதாவது வெளிநாடு போகிறவர்களும் வருவார்கள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறுவது அப்போது முன்போல சுலபமாக இல்லை. புருஷன் அங்கே வேலையில் இருந்தாலும் பெண்டாட்டி போய்ச் சேர நுழைவு அனுமதி வேண்டும். அதற்கு உடம்பும் மனசும் நன்றாக இருக்கின்றன என்று ஒரு டாக்டர் எழுதித் தர வேண்டும். டாக்டர் சந்தேகமாக ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போச்சு, எங்களைப் போன்ற இடத்தில் சோதனை செய்து அறிக்கை வாங்கிக்கொண்டு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும்.

அப்படித்தான் அவள் வந்தாள். கடலூரை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்துக்காரி. கிட்டத்தட்ட என் வயது. ஆறு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, காலை முதல் பஸ்ஸில் வந்து, எங்கள் கதவு திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தாள். புருஷன் ஐந்து வருடமாகப் பினாங்கில் துறைமுக வேலை. மகளைக் கைக்குழந்தையாகப் பார்த்துவிட்டுப் போனவன்.

அவள் கொண்டுவந்த கோப்பில் கடலூர் டாக்டர் ஒருவரின் குறிப்பு இருந்தது. 'மனநிலை சீராக இல்லை. உறவினர் வீட்டுக் கூரையை எந்தக் காரணமும் இன்றித் தன் கையாலேயே பிரித்துப் போட்டவள் என்று உடன் வந்த சின்ன மாமனார் தெரிவிக்கிறார். கேள்விக்குப் பதில் சொல்வதற்குப் பதிலாகக் கூச்சலிடுகிறாள்.' அவ்வளவுதான். இந்த மூன்று வாக்கியத்தால் ஒன்றரை வருடத்துக்கு முன் அவள் விண்ணப்பம் தள்ளுபடியானது. இன்னும் ஒருமுறைதான் விண்ணப்பிக்கலாம். அதுவும் தள்ளுபடியானால் அதன்பின் கேட்கவே முடியாது.

"அந்தக் காயிதம் வந்ததுலேர்ந்து குப்பத்துல யாரும் என்னப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல டீச்சரம்மா" என்றாள். "பைத்தியம் வருது, பைத்தியம் போவுதுன்றாங்க. எம் பொண்ண பைத்தியத்தோட பொண்ணுன்றாங்க. மீன் ஏலத்துல எங் கூடைய எடுத்து ஓரமா வெச்சிடறாங்க. நீ நல்லபடியா எழுதிக் குடுத்தா நான் அவுருகிட்ட போய்ச் சேந்துடுவேன்."

நான் டீச்சர் இல்லை என்று திருத்தினேன். நல்லபடியாக எழுதுவதும் கெட்டபடியாக எழுதுவதும் என் கையில் இல்லை, சோதனை என்ன சொல்கிறதோ அதுதான் என்று கண்டிப்பான குரலில் சொன்னேன். அந்தக் குரலை நான் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன்.

முதலில் எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னேன். கடகடவென்று சொன்னாள். தலைகீழாகவும் சொன்னாள். மரக்கட்டைகளை அடுக்கச் சொன்னேன். நான் வாட்ச்சை அழுத்துவதற்குள் முடித்துவிட்டு மகள் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்தாள். சரி, கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டே அடுத்த தாளை எடுத்தேன். அது 'இப்படி நடந்தால் என்ன செய்வாய்' என்கிற வகைக் கேள்விகள். அவசர நேரத்தில் ஒரு ஆள் நிதானமாக யோசிக்கிறாரா என்று பார்ப்பதற்காக. வெளிநாட்டுக் கேள்விகளைப் பார்த்து நம் ஊருக்குத் தகுந்தபடி நானே தமிழில் எழுதியவை. அதிலும் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

"உன் வீடு தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வாய்?"

அவள் பேன் பார்ப்பதை நிறுத்தினாள். "எதுக்கு எவ் வூடு தீப்பிடிக்கணும்?"

"பிடிக்கணும்னு சொல்லல. பிடிச்சா."

"பிடிக்காது."

சைபர் போட்டேன்.

"திருவிழாக் கூட்டத்தில் உன் மகள் தொலைந்துபோனால்?"

மகளை வெடுக்கென்று இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, குழந்தையின் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தாள். இன்னொரு சைபர்.

மூன்றாவது கேள்வியை இப்போது எழுதவே கூசுகிறது. உன் கணவர் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தால் யாரிடம் முதலில் போவாய் என்பது அது. நான் முழுதாகக் கேட்டு முடிக்கவில்லை. அவள் எழுந்து மேஜையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். மரக்கட்டைகள் சிதறி விழுந்தன.

"ஏய்! வாயக் கழுவு! மொதல்ல போய் வாயக் கழுவிட்டு வா! அந்த டாக்டரும் இதத்தான் கேட்டான். உங்களுக்கெல்லாம் எம் புருசனக் கொல்றதே வேலையா?"

குழந்தை அழ ஆரம்பித்தது. பியூன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். எனக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. மூன்றாவது சைபரையும் போட்டுவிட்டு எழுதினேன்: 'கற்பனைச் சூழலைப் புரிந்துகொள்ளும் திறன் இல்லை. எளிதில் நிதானம் இழக்கிறாள். கூச்சலிடுகிறாள்.' எழுதிவிட்டுக் கடலூர் டாக்டரின் குறிப்பைப் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. பார், டாக்டரும் நானும் ஒத்துப்போகிறோம் என்று ஒரு திருப்திதான் வந்தது.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே என் மேஜை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே என் கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டாக இருந்தன. அம்மா அழுத அழுகைக்கு ஒருவழியாக ஒரு மாப்பிள்ளை கிடைத்திருந்தார். அடுத்த மாதம் முகூர்த்தம். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் மூலையில் தடவிய மஞ்சள் தெரிந்திருக்கிறது, என் கழுத்தில் தாலி இல்லாததும் தெரிந்திருக்கிறது.

"உனக்குத்தான் கல்யாணமா?"

"ஆமா."

"மணவறையில உக்காந்திருக்கும்போது மாப்ள எழுந்து போயிட்டா என்னா பண்ணுவ?"

"நல்ல வார்த்தை பேசும்மா!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் என் கை பத்திரிகைக் கட்டை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு டீச்சரம்மா" என்றாள் அவள், மிகவும் அமைதியாக. "எழுதிக்கிறதுக்கு எங்கிட்ட காயிதம் இல்ல, அவ்ளோதான்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அரிசி தீர்ந்துபோனால் 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்று சொல்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். வாசலில் நின்று 'போறேன்' என்று இதுவரை சொன்னதில்லை, 'வரேன்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் கையில் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஐந்து வருடமாகப் புருஷன் முகம் பார்க்காதவளிடம், அவன் சாவுக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறேன். அவள் என்னை அறையாமல் மேஜையை அறைந்ததே பெரிய விஷயம்.

பியூனை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னேன். குழந்தை டீயில் பன்னை முக்கித் தின்றது. பிறகு வாட்ச்சை இழுப்பறைக்குள் போட்டுவிட்டுக் கேட்டேன்: "உங்க குப்பத்துல எப்பவாவது தீப்பிடிச்சிருக்கா?"

"ஏன், ரெண்டு வருசத்துக்கு மின்ன பிடிச்சிதே."

"அன்னைக்கு நீ என்ன செஞ்ச?"

அவள் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். அதை அவள் வாயால் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். இன்றும் பெரும்பகுதி ஞாபகம் இருக்கிறது.

"சித்திரை மாசம். ஆம்பளைங்க எல்லாம் கடல்ல, வயசானவங்கதான் கரையில. தெக்குக் கோடி வூட்டுலதான் அடுப்புலேர்ந்து கூரைக்கு ஏறிச்சி. எல்லாம் ஓலக் கூரை, சொல்லணுமா? அப்ப மேக்கால காத்து. நெருப்புப் பொறியெல்லாம் கடல் பக்கம் போவுது. நல்லவேள, கடலோட போயிடும்னு எல்லாரும் நின்னு பாக்கறாங்க. நான் வெயிலப் பாத்தேன். உச்சிக்கு ஏறப்போவுது. சித்திரையில உச்சி சாஞ்சா தெக்குக் காத்து வந்துடும், அது எங்க குப்பத்துப் புள்ளைங்களுக்கும் தெரியும். தெக்குக் காத்து வந்தா நெருப்பு வடக்கால திரும்பும். வடக்கால மொத்தக் குப்பமும் கெடக்குது. நடுவுல எங்க சின்ன மாமனார் வூடு. அத எடுத்துட்டா நடுவுல சந்து ஆயிடும், நெருப்பு தாண்டாது. மாமா, கூரையப் பிரிங்கன்னேன். உனக்கென்னா கிறுக்கா, எரியாத வூட்ட ஏன் பிரிக்கணும்ன்னாரு. சொல்லிட்டு இருக்க நேரமில்ல. புள்ளைய பக்கத்து வூட்டு அக்காகிட்ட குடுத்துட்டு, மீன் அரியற கத்திய இடுப்புல சொருகிகிட்டு மேல ஏறிட்டேன். கயித்த அறுத்து அறுத்து ஓலையத் தள்ளுனேன். அவுரு கீழேர்ந்து கல்லால அடிக்கிறாரு. பாரு."

முழங்கைக்கு மேலே ஒரு தழும்பைக் காட்டினாள்.

"காத்து வந்துச்சா?"

"வராம? சொன்ன நேரத்துக்கு வந்துச்சி. நெருப்பு அந்தச் சந்து வரைக்கும் வந்து நின்னுச்சி. ஆனா எங்க சின்ன மாமனார், அது தானா நின்னுச்சி, எவ் வூட்டுக்கு வரவேயில்லையேன்றாரு. பிரிச்சிட்டா எப்புடி வரும்?"

"இத அந்த டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"அவுரு நடந்தத எங்க கேட்டாரு?" என்றாள். "நடக்காததத்தான் கேட்டாரு."

நான் எழுதியிருந்த வரிகளை ஒரே கோடாக அடித்தேன்.

எங்கள் துறைத்தலைவர் விதிமுறை பிசகாத மனிதர். சட்டைப் பொத்தானைக்கூட வரிசை எண் போட்டுத்தான் போடுவார் என்று நாங்கள் கேலி செய்வோம். மூன்று சைபரையும் அடித்த கோட்டையும் என் நான்கு பக்கக் குறிப்பையும் பார்த்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"கேள்விய மாத்தினா அது சோதனையே இல்லம்மா. ஆளுக்கொரு கேள்வி கேட்டா எதை வச்சு ஒப்பிடறது?"

"அந்தக் கேள்விக்கு எங்க அம்மாவும் பதில் சொல்லமாட்டாங்க சார். எங்க அம்மா பைத்தியமா?"

"அது வேற. இன்னொண்ணு யோசிச்சியா? இதெல்லாம் நடந்ததுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அவளே கட்டிச் சொன்ன கதையா இருந்தா? அப்ப டாக்டர் எழுதினதுதானே சரி?"

எனக்கு அவர்மேல் ஆத்திரம். ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. இரண்டு நாள் சுற்றிச் சுற்றி யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஜவுளி எடுக்க வேண்டும் என்று அம்மா கத்தக் கத்த, கடலூர் பஸ்ஸில் ஏறினேன்.

அவளிடம் சொல்லாமல்தான் குப்பத்துக்குப் போனேன். யாரையும் விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். தெற்குக் கோடியிலிருந்து வடக்கே நடந்தேன். தெற்கில் இருந்த தென்னை மரங்களின் அடிமரம் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலேயும் கரிந்து கிடந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன், கை கறுத்தது. வரிசையின் நடுவில், மற்றவற்றைவிடப் புதுக் கூரையோடு ஒரு வீடு. அதன் தென்புறத்து மரம் பாதி கரிந்திருந்தது. வடபுறத்து மரத்தில் ஒரு கரிக்கோடுகூட இல்லை. அதற்கப்புறம் வடக்கே எத்தனையோ மரங்கள், ஒன்றிலும் கரி இல்லை. இரண்டு வருட மழைக்குப் பிறகும் அவள் சொன்னது அத்தனையும் மரங்களில் அப்படியே இருந்தது.

அந்தப் புதுக்கூரை வீட்டு வாசலில் ஒரு பெரியவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். "யாரும்மா, மரத்தயெல்லாம் தடவிகிட்டு வர்ற?" என்றார். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். என்னையும் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

திங்கட்கிழமை மரங்களை எல்லாம் படம் போட்டு, எது கரிந்தது எது கரியவில்லை என்று குறித்துத் துறைத்தலைவர் முன் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"சைபரை எடுக்க முடியாது" என்றார். "அந்தக் கேள்விகளுக்கு நேரே, 'இந்த வழக்கமுள்ள சமூகத்தில் இவ்வகைக் கேள்வி பொருந்தாது, மதிப்பெண் கணக்கில் சேர்க்கப்படவில்லை' என்று எழுது. கீழே அவள் செய்ததை முழுசா எழுது. படத்தையும் சேர்."

எட்டுப் பக்கம் எழுதினேன். காற்று, வெயில், கத்தி, கயிறு, எதையும் விடவில்லை. 'ஆபத்து நேரத்தில் முன்கூட்டியே யோசித்து, பலர் எதிர்த்தும் தளராமல், பிறர் உயிரையும் வீட்டையும் காப்பாற்றிய திடமான மனநிலை உடையவர்' என்று முடித்தேன். 'உடையவர்' என்று மரியாதை விகுதி போட்ட முதல் அறிக்கை அது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது அந்த 'ர்' போய்விட்டதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

கல்யாணம் முடிந்து நான் திரும்ப வேலைக்கு வந்த வாரம் ஒரு கார்டு வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது, நாகப்பட்டினத்தில் கப்பல், இன்ன நாள் ரயில் சிதம்பரத்தில் நிற்கும் என்று யாரோ எழுதிக்கொடுத்திருந்தார்கள். அரை நாள் லீவு போட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ஜன்னலில் அவளே கையாட்டிக் கூப்பிட்டாள். தலை நிறையப் பூ.

"அனுமதி குடுக்கற ஆபீசர் என்ன கேட்டார்? அறிக்கையப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"அவுரு எங்க படிச்சாரு? கடைசிப் பக்கத்தத் திருப்பி முத்திரையப் பாத்தாரு, சரி போன்னுட்டாரு."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. எட்டுப் பக்கம்! அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"அவுரு படிக்கலன்னா என்னா? ஆபீசுக்குக் குடுக்கறதுக்கு மின்னயே பள்ளிக்கூடத்து வாத்தியாரக் கூட்டியாந்து, ஏலக் களத்துல வெச்சு மொத்தக் குப்பத்துக்கும் படிக்கச் சொன்னேன். ஒவ்வொரு வரியா தமிழ்ல சொன்னாரு. உம் மரப் படத்தயும் காட்டுனாரு. பாதி பேரு எழுந்து போய் மரத்தப் பாத்துட்டு வந்தாங்க. டீச்சரம்மா, அன்னைக்கு சாயந்திரம் என்னப் பேரு சொல்லிக் கூப்ட்டாங்க."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. என் கண்ணும் நிறைந்துவிட்டது. ஜன்னல் கம்பி வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவளுக்குப் பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த அதே பெரியவர். கப்பலேற்றிவிடக் கூட வருகிறார்.

"டாக்டருகிட்ட அந்த வார்த்தயச் சொன்னவன் நாந்தாம்மா" என்றார், என்னைப் பார்க்காமல்.

"நானும் முதல்ல அதையேதான் எழுதினேன் ஐயா" என்றேன். அவள் வெடுக்கென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதுவரை நான் அவளிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. "எழுதிட்டு அடிச்சேன்."

ஆனால் பிடித்த கையை விடவில்லை.

"அந்த டாக்டரு எழுதுன காயிதம் இன்னும் கோப்புல இருக்குமா?" என்று பெரியவர் கேட்டார். "அத எடுக்கறதுக்கு நான் எங்கயாவது கைநாட்டு வெக்கணுமா? எங்க வேணாலும் வெக்கிறேன்."

எடுக்க முடியாது, அதற்கு மேலே புதியதை வைத்துக் கட்டுவார்கள் என்றேன்.

"அப்ப மேல இருக்கறதத்தான் படிப்பாங்க?"

"ஆமா ஐயா."

"எதையும் படிக்கமாட்டாங்க மாமா, முத்திரையத்தான் பாப்பாங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ரயில் ஊதியது. பெரியவர் சிரிக்கவில்லை. குழந்தையை மடியில் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.